வேலை ஒப்பந்தம்: கையெழுத்துக்கு முன்னும் பின்னும் – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வேலை ஒப்பந்தம் பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் பதில் தருகிறோம். வேலை கொடுப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள், வேலை பார்ப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள். தொழிலாளர் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அதனால் குறிப்பிட்ட ஒரு சட்டத்தைச் சொல்லும் இடத்தில் நாட்டின் பெயரையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: ஆறு பேர் வேலை பார்க்கும் சிறிய நிறுவனம் என்னுடையது. இதுவரை வாய்வார்த்தையிலேயே ஓடிவிட்டது. இப்போது எல்லாருக்கும் எழுத்தில் கொடுக்கலாம் என்று, இணையத்தில் கிடைத்த மாதிரிப் படிவத்தில் பெயரை மட்டும் மாற்றி வைத்திருக்கிறேன். போதுமா?

போதாது. அப்படியே கொடுத்தால் இப்போது இருப்பதைவிட அதிகச் சிக்கலில் மாட்டிக்கொள்வீர்கள், ஏனென்றால் நீங்களே அச்சடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளைப் பிறகு மறுக்க முடியாது. மாதிரிப் படிவங்களில் கோளாறு வழக்கமாகச் சில இடங்களில் வரும். கடைசிப் பக்கத்தில் வேறு ஏதோ நாட்டுச் சட்டமும் நீதிமன்றமும் அப்படியே கிடக்கும். ‘விடுப்பு, நிறுவன விதிமுறைக் கையேட்டின்படி’ என்று இருக்கும். உங்களிடம் அப்படி ஒரு கையேடே இருக்காது. ஆயிரம் பேர் வேலை பார்க்கும் நிறுவனத்துக்காக எழுதிய மூன்று மாத நோட்டீஸ் உங்கள் தலையிலும் வந்து உட்காரும்.

படிவத்தை மூடிவைத்துவிட்டு, ஆறு பேருக்கும் ஆறு வெள்ளைத்தாள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவர் விஷயத்திலும் இன்று உண்மையில் என்ன நடக்கிறதோ அதை எழுதுங்கள். என்ன வேலை, யாரிடம் பதில் சொல்ல வேண்டும், எந்த இடத்தில் வேலை, எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போகிறார், சாப்பாட்டு இடைவேளை வேலை நேரத்தில் சேர்த்தியா இல்லையா, வார ஓய்வு என்றைக்கு, சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் கைக்கு வரும், எதெதற்குப் பிடிப்பீர்கள், ஆண்டுக்கு எத்தனை நாள் விடுப்பு, எடுக்காத விடுப்பு அடுத்த ஆண்டுக்குப் போகுமா காலாவதியாகுமா, வேலையை விட்டால் அதற்குப் பணம் உண்டா. இவ்வளவையும் எழுதி முடித்தால் ஒப்பந்தத்தில் பாதி வந்துவிடும்.

ஓவர்டைம் பற்றித் தனியாக எழுதுங்கள். யார் முன்கூட்டிச் சம்மதம் தர வேண்டும், மணிக்கு எவ்வளவு, பணமாகவா மாற்று விடுப்பாகவா என்று மூன்றும் வேண்டும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1919-இல் கொண்டுவந்த முதல் உடன்படிக்கையே தொழிற்கூட வேலைக்கு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்றுதான் வரம்பு கட்டியது. இன்று பல நாடுகளில் வரம்பு அதைவிடக் குறைவு. ‘சம்பளத்தில் ஓவர்டைமும் அடக்கம்’ என்ற ஒற்றை வரி உங்களைக் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். சட்டம் தரும் குறைந்தபட்சத்துக்குக் கீழே எழுதிய வரி, இருவரும் மனமொத்துக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் செல்லாது. ஒரு வரி செல்லாமல் போனாலும் மற்றவை நிற்கும் என்று ஒரு வாசகத்தைச் சேர்த்துவிடுங்கள்.

உங்கள் விஷயத்தில் மிக முக்கியமானது இனிமேல்தான். இந்த ஆறு பேரும் புதிதாகச் சேர்பவர்கள் அல்ல. ஒப்பந்தத்தில் இன்றைய தேதியைப் ‘பணியில் சேர்ந்த நாள்’ என்று போட்டால், எட்டு ஆண்டு உழைத்தவருடைய பணிக்காலம் காகிதத்தில் பூஜ்யமாகிவிடும். பணிக்கொடை (கிராஜுட்டி), விடுப்பு, நோட்டீஸ் எல்லாம் பல இடங்களில் பணிக்காலத்தை வைத்தே கணக்காகும். அவர் உண்மையில் சேர்ந்த நாளை எழுதி, ‘அன்று முதல் பணி தொடர்ச்சியாகக் கருதப்படும்’ என்றும் எழுதுங்கள். அந்த வரியைப் பார்த்தால்தான் அவர்களும் நிம்மதியாகக் கையெழுத்துப் போடுவார்கள்.

சம்பள விவரத்தை ஒப்பந்தத்துக்குள் எழுதாமல் பின்னிணைப்பாக வையுங்கள். சம்பளம் உயரும்போது அந்த ஒரு தாளை மாற்றினால் போதும். இரண்டு பிரதி எடுத்து, எல்லாப் பக்கத்திலும் இரு தரப்பும் கையெழுத்திட்டு, ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பேனாவால் திருத்திய இடத்தில் இருவருடைய சுருக்கொப்பமும் வேண்டும். புதிதாக ஆள் எடுக்கும்போது தாமதிக்காதீர்கள். பிரிட்டனில் 2020 ஏப்ரல் முதல், வேலையின் முக்கிய நிபந்தனைகளை முதல் நாளிலேயே எழுத்தில் தந்தாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டு ஆணை அடிப்படை விவரங்களுக்கு 7 நாள் தருகிறது. சிங்கப்பூரில் கெடு 14 நாள்.

கேள்வி: ஆஃபர் லெட்டரில் ஆண்டுக்கு 6,00,000 என்று போட்டிருக்கிறார்கள். மாதம் 50,000 கைக்கு வரும் என்று கணக்குப் போட்டு வீட்டுக் கடன் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். சரிதானே?

கடன் பேச்சைக் கொஞ்சம் நிறுத்திவைத்துவிட்டு, அந்த 6,00,000-க்குப் பக்கத்தில் என்ன சொல் இருக்கிறது என்று பாருங்கள். ‘சி.டி.சி.’ என்றிருந்தால், உங்களுக்காக நிறுவனம் செலவழிக்கும் மொத்தத் தொகை அது. எல்லாம் உங்கள் கைக்கு வராது.

ஒரு மாதிரிக் கணக்கு. 6,00,000-இல் 60,000 ஆண்டு இறுதி ஊக்கத்தொகை என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் மாதம் 25,000. அதில் 12 சதவீதம் சேமநிதிக்கு நிறுவனத்தின் பங்கு என்றால் ஆண்டுக்கு 36,000. பணிக்கொடைக்கான ஒதுக்கீடு 14,400. மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 9,600. இவையெல்லாம் சேர்ந்து 1,20,000. மீதி 4,80,000-ஐ 12-ஆல் வகுத்தால் மாதம் 40,000. அதிலிருந்து சேமநிதிக்கு உங்கள் பங்கு 3,000 போனால் 37,000. வருமான வரி இருந்தால் அதுவும் போகும். நீங்கள் நினைத்ததற்கும் இதற்கும் மாதம் 13,000 வித்தியாசம்.

ஆகவே எச்.ஆரிடம் ஒரே ஒரு கேள்வியை மின்னஞ்சலில் கேளுங்கள்: ‘எல்லாப் பிடித்தமும் போக, மாதாமாதம் என் வங்கிக் கணக்குக்கு வரும் தொகை எவ்வளவு? பிரிவு பிரிவாக எழுதித் தர முடியுமா?’ இதைக் கேட்பதில் சங்கடப்பட எதுவுமில்லை. நல்ல நிறுவனங்கள் கேட்காமலே தருகின்றன.

ஊக்கத்தொகை வாசகத்தையும் விரலை வைத்து வரிவரியாகப் படியுங்கள். ‘நிர்வாகத்தின் முடிவுக்கு உட்பட்டது’ என்றிருந்தால் அது வராமலும் போகலாம் என்றே கணக்கு வைக்க வேண்டும். ‘வழங்கும் நாளில் பணியில் இருப்பவர்களுக்கு மட்டும்’ என்பது இன்னொரு வரி. நிதியாண்டு மார்ச்சில் முடிந்து பணம் ஜூலையில் வருகிறது என்றால், முழு ஆண்டும் உழைத்துவிட்டு ஜூனில் விலகுபவருக்கு ஒன்றும் கிடைக்காது. ‘விலகும் நாள் வரை விகிதப்படி வழங்கப்படும்’ என்று மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். விற்பனை வேலையில் கமிஷன் இருந்தால், அது எப்போது உங்களுக்குச் சேர்கிறது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். ஆர்டர் வந்த நாளா, பில் போட்ட நாளா, வாடிக்கையாளர் பணம் கட்டிய நாளா? கமிஷன் தகராறில் பெரும்பாலானவை இந்த ஒரு இடத்தில்தான் பிறக்கின்றன.

கேள்வி: நான் விலகினால் 90 நாள் நோட்டீஸ், அவர்கள் என்னை நிறுத்தினால் 30 நாள் போதும் என்று ஒப்பந்தம் சொல்கிறது. இது நியாயமா?

நியாயமில்லை. சில நாடுகளில் சட்டப்படியும் செல்லாது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வேலைவாய்ப்புச் சட்டம் பொருந்தும் பணியாளர்களுக்கு நோட்டீஸ் காலம் இரு தரப்புக்கும் சமமாக இருக்க வேண்டும். மற்ற இடங்களில் ஒப்பந்தம் சொல்வதே பெரும்பாலும் நிற்கும். அதனால் கையெழுத்துக்கு முன்பே ‘இருவருக்கும் ஒரே கால அளவு’ என்று கேளுங்கள். 60 நாளுக்கு இறங்கிவந்தாலும் நல்லதுதான். புதிய நிறுவனங்கள் 90 நாள் காத்திருக்கத் தயங்குவதால், நீண்ட நோட்டீஸ் உங்கள் அடுத்த வேலையையே பாதிக்கும்.

அளவைப் போலவே எண்ணும் முறையும் முக்கியம். ‘ஒரு மாதம்’ என்பதும் ‘30 நாள்’ என்பதும் ஒன்றல்ல. ஜனவரி 31-இல் ராஜினாமா கொடுத்தால், ஒரு மாதம் என்பது பிப்ரவரி 28-இல் முடியும். 30 நாள் என்று மறுநாளிலிருந்து எண்ணினால் மார்ச் 2 வரை போகும். சிங்கப்பூரில் கடிதம் கொடுத்த நாளும் கணக்கில் சேரும். உங்கள் ஒப்பந்தத்தில் கொடுத்த நாள் சேருமா, மின்னஞ்சலில் அனுப்பினால் போதுமா, யாருக்கு அனுப்ப வேண்டும் என்று இருக்கட்டும். மேலாளரிடம் வாயால் சொன்னது ராஜினாமா ஆகாது என்று பிறகு வாதம் வரும்.

நோட்டீஸுக்குப் பதிலாகப் பணம் கட்டிவிட்டு விலகலாம் என்றிருந்தால், அந்தப் பணம் அடிப்படைச் சம்பளத்தின் மேலா, மொத்தச் சம்பளத்தின் மேலா? மேலே சொன்ன கணக்கில் அடிப்படை 25,000, மொத்தம் 40,000. மூன்று மாதத்துக்கு வித்தியாசம் 45,000. மீதமுள்ள விடுப்பை நோட்டீஸில் கழிக்கலாமா என்பதையும் பாருங்கள். கடைசியாக, ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட் (விலகும்போது தரும் இறுதிக் கணக்குத் தீர்ப்பு) எத்தனை நாளுக்குள், ரிலீவிங் லெட்டர் (பணியிலிருந்து விடுவித்த கடிதம்) எந்த நாளில் என்று தேதியோடு கேட்டு வாங்குங்கள். ‘உரிய காலத்தில்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு யாரையும் கேட்க முடியாது.

கேள்வி: என் மகளுக்கு முதல் வேலை. பயிற்சி தருகிறோம், 2 ஆண்டு இருக்க வேண்டும், இடையில் போனால் 1,20,000 கட்ட வேண்டும் என்று பாண்ட் கேட்கிறார்கள். அசல் சான்றிதழ்களையும் ஒரு வெற்றுக் காசோலையையும் தரச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

அசல் சான்றிதழைக் கொடுக்க வேண்டாம். வெற்றுக் காசோலையும் வேண்டாம். சரிபார்ப்புக்கு அசலைக் காட்டிவிட்டு அங்கேயே திரும்ப வாங்கிக்கொண்டு, நகலில் கையெழுத்திட்டுக் கொடுத்தால் எந்த நேர்மையான நிறுவனத்துக்கும் அது போதும். அடையாள ஆவணங்களைப் பிடித்துவைப்பதைக் கட்டாய உழைப்பின் அடையாளங்களில் ஒன்றாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. கல்விச் சான்றிதழைப் பிடித்துவைத்தாலும் விளைவு அதேதான்: அடுத்த வேலைக்கு மனுப்போடக்கூட முடியாமல் கட்டிப்போட்டுவிடும். வற்புறுத்தினால், பெற்றுக்கொண்டதற்கு ரசீது கேளுங்கள். ரசீது தர மறுத்தால் அந்த இடத்தைப் பற்றி உங்கள் மகள் தெரிந்துகொள்ள வேண்டியது தெரிந்துவிடும்.

பாண்ட் வேறு விஷயம். அதை முழுதாக ஒதுக்கிவிட முடியாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி, எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு மட்டுமே பெறலாம். ஆனால் 2025 மே மாதம், பொதுத்துறை வங்கி ஒன்றின் வழக்கில், 3 ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் என்ற நிபந்தனையை இந்திய உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அதனால் ‘பாண்ட் எல்லாம் சும்மா காகிதம்’ என்று நண்பர்கள் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம்.

கேட்க வேண்டியவை இவை. அது என்ன பயிற்சி, எத்தனை நாள், வெளிநிறுவனத்துக்குக் கட்டணம் கட்டுகிறார்களா? சேர்ந்த எல்லாருக்கும் இரண்டு வாரம் தரும் சாதாரண அறிமுகத்துக்கு 1,20,000 போடுவதில் பொருளில்லை. அடுத்தது, தொகை மாதாமாதம் குறைய வேண்டும். 24 மாதம் என்றால் மாதம் 5,000 கழியும். 15 மாதம் வேலை பார்த்துவிட்டு விலகினால் மீதி 9 மாதத்துக்கு 45,000 மட்டும். இது இல்லாவிட்டால் 23-ஆம் மாதம் போனாலும் முழுத் தொகையும் கேட்பார்கள். பாண்ட் காலம் பயிற்சி தொடங்கும் நாளிலிருந்தா, முடியும் நாளிலிருந்தா என்பதும் தெளிவாக வேண்டும். நிறுவனமே வேலையை விட்டு நிறுத்தினாலோ, சம்பளம் தராமல் இழுத்தடித்தாலோ, பாண்ட் தானாக ரத்தாகும் என்ற வரியைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என்னிடம் தொழில் கற்றவர் விலகிப் போட்டி நிறுவனத்தில் சேர்ந்துவிட்டார். இனிமேல் சேர்பவர்களிடம் ‘2 ஆண்டுக்கு இதே துறையில் வேலை பார்க்கக் கூடாது’ என்று எழுதி வாங்கலாமா?

உங்கள் மனவருத்தம் புரிகிறது. ஆனால் அந்த வரி பல இடங்களில் நிற்காது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. விலகிய பிறகும் தொடரும் தடையை நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலும் இதே நிலைதான். இரண்டு சட்டமும் 1872-இல் வந்தவை. கலிஃபோர்னியாவில் 2024 முதல் அப்படி ஒரு வரியை ஒப்பந்தத்தில் எழுதுவதே சட்டவிரோதம். பிரிட்டனில் நியாயமான கால அளவும் எல்லையும் இருந்தால் ஏற்பார்கள், அளவுக்கு மீறினால் முழுத் தடையும் விழுந்துவிடலாம்.

தொழிலே தெரிந்த ஒருவரை அந்தத் தொழில் செய்யாதே என்பது அவர் வயிற்றில் அடிப்பது. உங்களுக்கு உண்மையில் பாதுகாக்க வேண்டியது எது என்று யோசியுங்கள். விலைப்பட்டியல், வாடிக்கையாளர் விவரம், தயாரிப்பு முறை இவைதானே? அவற்றைப் பெயர் சொல்லி ரகசியக் காப்பு வாசகத்தில் எழுதுங்கள். ‘நிறுவனத்தின் எல்லாத் தகவலும் ரகசியம்’ என்று எழுதினால் எதுவுமே ரகசியமில்லை என்றாகிவிடும். கடைசி 12 மாதத்தில் அவர் நேரடியாகக் கையாண்ட வாடிக்கையாளர்களை, விலகிய 6 மாதம் வரை அவராகத் தேடிப்போய் அழைக்கக் கூடாது என்பது மாதிரியான குறுகிய நிபந்தனை, முழுத்தடையைவிடச் செல்லும் வாய்ப்பு அதிகம். முக்கியமான ஒருவர் விலகும்போது, நோட்டீஸ் காலம் முழுக்கச் சம்பளம் கொடுத்து வீட்டிலிருக்கச் சொல்லும் உரிமையையும் எழுதிவைக்கலாம். அந்தக் காலத்தில் அவர் இன்னும் உங்கள் பணியாளர், வேறிடத்தில் சேர முடியாது. அதற்குள் உங்களிடம் இருக்கும் புதிய தகவல்கள் அவர் கைக்குப் போகாது.

கேள்வி: ‘சுயதொழில் ஆலோசகர்’ என்று ஒப்பந்தம். ஆனால் 9 முதல் 6 வரை அவர்கள் அலுவலகத்தில், அவர்கள் தந்த மடிக்கணினியில், அவர்களிடம் லீவு கேட்டுத்தான் வேலை. விடுப்புச் சம்பளம், சேமநிதி ஒன்றும் இல்லை.

ஒப்பந்தத்தின் தலைப்பு இதை முடிவு செய்யாது, நடைமுறைதான் முடிவு செய்யும். யார் கட்டளையிடுகிறார்கள், நேரத்தை யார் வகுக்கிறார்கள், உங்களுக்குப் பதில் வேறொருவரை அனுப்ப முடியுமா, கருவி யாருடையது, லாப நட்டம் யாருக்கு, வேறு வாடிக்கையாளருக்கு வேலை செய்ய முடியுமா என்று பார்ப்பார்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2006-ஆம் ஆண்டின் 198-ஆம் பரிந்துரையும் இதையே சொல்கிறது. 2021 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஊபர் ஓட்டுநர்களைத் தொழிலாளர்களே என்று தீர்ப்பளித்தது. ஒப்பந்த வாசகத்தை அது முதற்படியாக எடுத்துக்கொள்ளவில்லை. வருகைப் பதிவு, லீவுக்கு அனுமதி கேட்ட மின்னஞ்சல், வேலை ஒதுக்கிய செய்திகள் ஆகியவற்றைச் சேர்த்துவையுங்கள். தொழிலாளர் துறையிடம் போனால் முதலில் கேட்பது அவைதான்.

கேள்வி: புரோபேஷன் (தகுதிகாண் காலம்) 6 மாதம் என்றார்கள். 9 மாதம் ஆகிறது, உறுதிக் கடிதம் வரவில்லை. நான் நிரந்தரமா இல்லையா?

உங்கள் ஒப்பந்தத்தில் எது எழுதியிருக்கிறதோ அதைப் பொறுத்தது. ‘எழுத்தில் உறுதி செய்யும் வரை புரோபேஷன் தொடரும்’ என்றிருந்தால் பெரும்பாலும் இன்னும் நீங்கள் அதில்தான் இருக்கிறீர்கள். ‘6 மாதத்துக்குள் நீட்டிப்புக் கடிதம் தராவிட்டால் உறுதியானதாகக் கருதப்படும்’ என்றிருந்தால் நிரந்தரம். இன்றே எச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி நிலையைக் கேளுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அது ஒரு பதிவு. நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை: நீட்டிப்புக்கு உச்சவரம்பு வையுங்கள். 6 மாதம், தேவையானால் இன்னும் 3 மாதம், அதற்கு மேல் இல்லை.

கேள்வி: வாயால் சொன்ன ஒப்பந்தம் செல்லுமா?

பல நாடுகளில் செல்லும். நிரூபிப்பதுதான் பாடு. பேசி முடித்த அன்றே, ‘இன்று பேசியபடி சம்பளம் இவ்வளவு, வேலை நேரம் இது, வாரத்தில் 2 நாள் வீட்டிலிருந்து வேலை’ என்று ஒரு மின்னஞ்சலாக அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். ஆனால் பிறகு கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் ‘இதற்கு முன் பேசியவை, எழுதியவை எல்லாவற்றுக்கும் பதிலாக இந்த ஒப்பந்தமே முழுமையானது’ என்ற வரி இருந்தால், அந்த 2 நாள் அதற்குள்ளும் எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் போனதுதான்.

கேள்வி: சேரும் நாளன்றுதான் 14 பக்கத்தைக் கையில் கொடுத்து அரை மணியில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

முதலில், முந்தைய வேலையை ராஜினாமா செய்வதற்கு முன்பே முழு ஒப்பந்தத்தின் நகலையும் கேளுங்கள். ஆஃபர் லெட்டரை மட்டும் நம்பிப் பழைய வேலையை விட்டால், அரை மணியில் உங்களால் மறுக்கவே முடியாது. அந்த நிலை வந்துவிட்டால், சம்பளப் பின்னிணைப்பை ஆஃபர் லெட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்து நோட்டீஸ், பாண்ட், விலகிய பிறகும் தொடரும் தடைகள், பிறகு ‘நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்’ என்று வரும் இடங்கள். இடமாற்றம் பற்றிய வரியில் ‘குழும நிறுவனங்கள் எதற்கும், எந்த ஊருக்கும்’ என்றிருந்தால், எத்தனை நாள் முன்னறிவிப்பு, இடம்பெயரும் செலவு யாருடையது என்று கேளுங்கள். உங்கள் சொந்த நேரத்தில், சொந்தக் கணினியில் செய்தவையும் நிறுவனத்துக்கே சொந்தம் என்றிருந்தால், ஏற்கெனவே நீங்கள் செய்துவைத்திருப்பவற்றைப் பட்டியலிட்டு விலக்குக் கேளுங்கள்.

கையெழுத்துப் போட்டதும் எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். அலுவலக மின்னஞ்சலில் மட்டும் வைத்திருந்தால், ஒப்பந்தம் தேவைப்படும் அந்தக் கடைசி நாளில் அதற்குள் நுழையும் வழியே அடைத்திருக்கும்.